எல்லாக் கம்பிக்கும் ‘50 டி’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீடு, மனை இணைப்பில் சொந்த வீடு கட்டுபவர்களுக்காகக் கம்பி வேலை பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தில் இரண்டும் கம்பியின் விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளத்துக்குச் சேர்ந்து ஓட வேண்டும் (இந்தச் சேர்ப்பைத்தான் ‘லேப்’ என்பார்கள், ‘50 டி’ என்பதில் டி என்றால் விட்டம்), இதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று முடித்திருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளரான என்னிடமே வந்து ‘பேப்பரிலேயே 50 தான் போட்டிருக்கிறது, நீங்கள் ஏன் 62 கேட்கிறீர்கள், கம்பியை வீணாக்குகிறீர்களே’ என்று ஒருவர் சண்டைக்கு நின்றதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

50 என்பது எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல, அது ஒரு காலத்துக் கணக்கு. கணக்கும் பெரிய வித்தை இல்லை. கம்பியை எவ்வளவு பலத்தில் இழுக்கிறோம் என்பது ஒரு பக்கம். கம்பியின் தோல் முழுவதையும் சுற்றிக் கான்கிரீட் எவ்வளவு பிடிக்கிறது என்பது மறு பக்கம். இரண்டும் சமமாகும் நீளம்தான் பிடிமான நீளம், லேப்புக்கு வேண்டியதும் இதே நீளம்தான். கணக்கை எழுதினால், விட்டத்தைக் கம்பியின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வரும் இழுவையால் பெருக்கி, கான்கிரீட்டின் பிடிப்பு வலுவைப்போல் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். ஐஎஸ் 456 என்ற நம் கான்கிரீட் விதிநூலில், இப்போது நாம் பயன்படுத்தும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், 26.2 பிரிவில் இது இருக்கிறது. எம் 20 கான்கிரீட்டில் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரம்) வழவழப்பான கம்பிக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.2 நியூட்டன் பிடிப்பு. வரி போட்ட கம்பியானால் அதில் 60 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், 1.92 ஆகும். கம்பி எஃப்இ 415 (சதுர மில்லிமீட்டருக்கு 415 நியூட்டன் இழுவை தாங்கும் தரம்) என்றால் அதன் 0.87 பங்கு, அதாவது 361. கணக்குப் போட்டுப் பாருங்கள், 47 மடங்கு வரும். கொஞ்சம் தூக்கிப் போட்டால் 50. முறுக்குக் கம்பி ஓடிய காலத்தில் 50 டி என்று சொன்ன மேஸ்திரி சரியாகத்தான் சொன்னார்.

ஆனால் இன்று கடையில் எஃப்இ 415 கேட்டால் ‘அதெல்லாம் இப்போது யார் சார் வாங்குகிறார்கள்’ என்பார்கள். 500டி, 550டி தான் லாரியில் வந்து இறங்குகிறது (415 போலவே இந்த எண்ணும் கம்பியின் வலு, இங்கே ‘டி’ விட்டம் அல்ல, தரக்குறி). அதே எம் 20 கான்கிரீட்டில் 500-க்குக் கணக்குப் போட்டால் 57 மடங்கு. 550-க்கு 62 மடங்கு. 16 எம்எம் கம்பியில் இது 800 மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம், நம் ஊர்க் கணக்கில் 8 அங்குலம் குறைகிறது.

இதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். கம்பி வலுவானால் லேப் குறைய வேண்டாமா, ஏன் கூடுகிறது? சேற்றில் ஊன்றிய மூங்கிலை ஒரு சிறுவன் இழுப்பதற்கும் ஒரு பயில்வான் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சேறு அதே சேறு, பயில்வானுக்கு ஈடுகொடுக்க மூங்கில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். நம் வீடுகளில் கம்பிக்கு வலு கூடிக்கொண்டே போகிறது, அதைப் பிடித்திருக்கும் கான்கிரீட் மட்டும் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. விளம்பரத்தில் ‘வலுவான கம்பி, குறைந்த கம்பி, மிச்சமாகும் பணம்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், மிச்சப்படுத்திய கம்பியில் ஒரு பங்கை லேப்பில் திருப்பித் தர வேண்டும் என்று சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இங்கே ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். வரைபடம் 500-க்குப் போட்டது, கடையில் 550 தான் இருந்தது, வாங்கிவிட்டேன், ஆனால் கம்பி எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, எனக்கும் 62 தானா? இல்லை, அவருக்கு 57 போதும், ஏனென்றால் அந்தக் கம்பியின்மேல் வரும் இழுவை 500-க்குக் கணக்கிட்டதுதான். (நிலநடுக்கத்துக்காகக் கணக்கிடும் கட்டடங்களின் கதை வேறு.) ‘550 தானே, ஒரு கம்பியைக் குறைத்துக்கொள்’ என்று யாராவது சொல்லி அதைக் குறைத்தும்விட்டால் அப்போது 62-க்குப் போயே ஆக வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன தெரியுமா, கம்பியையும் குறைக்கிறார்கள், லேப்பையும் பழைய அளவிலேயே விடுகிறார்கள்.

கான்கிரீட் பக்கம் இன்னும் மோசம். எம் 20 என்று நான் மேலே எழுதியது காகிதத்தில் உள்ள எம் 20. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று பாண்டு கணக்கில் அளந்து போட்டு, தண்ணீரையும் அளவோடு விட்டால் அது வரும். இரண்டு மணல், நான்கு ஜல்லி என்று போட்டால் எம் 15 தான். அதை இப்போதைய விதிநூல் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒப்புக்கொள்வதே இல்லை. ஆனாலும் எத்தனையோ சின்ன வீடுகளில் அதுதான் ஓடுகிறது என்பது கட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1978 பதிப்பில் எம் 15-க்குக் கொடுத்திருந்த பிடிப்பு அளவை வைத்து இன்றைய 500 கம்பிக்குக் கணக்குப் போட்டால் 68 மடங்கு வருகிறது! மிக்சரில் ஓட்டும்போது ‘கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும்’ என்று இன்னொரு குடம் தண்ணீர் விட்டால் இன்னும் கூடும், ஆனால் அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. ரெடிமிக்ஸ் எம் 25 வாங்கிப் போடுகிறவர்களுக்கு நேர்மாறு: 500 கம்பிக்கு 49 மடங்கே போதும். அதாவது உங்கள் பெட்டிச் செய்தியில் இருந்த 50, எம் 25-க்கும் 500 கம்பிக்கும் சரியாக இருக்கிறது, எம் 20-க்கு வந்தால் தவறிப்போகிறது. கம்பி எது, கான்கிரீட் எது என்று இரண்டையும் சொல்லாமல் ஒரே எண்ணைச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

சரி, செலவு. பன்னிரண்டு தூண், தூணுக்கு ஆறு 16 எம்எம் கம்பி, ஒவ்வொன்றிலும் லேப்பை ஒரு அடி கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 16 எம்எம் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. மொத்தம் 35 கிலோவுக்குள் அடங்கிவிடும். கிலோ 65 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மாடிக்கு 2,300 ரூபாயைத் தாண்டாது. வாசல் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி வாங்கும் காசு.

இன்னொரு நம்பிக்கையைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். லேப்பில் கட்டுக்கம்பியை நன்றாக முறுக்கிக் கட்டிவிட்டால் சேர்ப்பு கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் போய் அந்தக் கட்டுகளை எண்ணிக்கூடப் பார்க்கிறார்கள். கட்டுக்கம்பிக்கு ஒரே வேலைதான், கான்கிரீட் கொட்டும்போது கம்பி நகராமல் பிடித்துக்கொள்வது. ஒரு கம்பியின் இழுவை அடுத்த கம்பிக்குப் போவது நடுவில் இருக்கும் கான்கிரீட் வழியாகத்தான். கம்பியின் வரிகள் கான்கிரீட்டை ஆப்பு வைப்பதுபோல் வெளிப்பக்கம் தள்ளும், கம்பிக்கு வெளியே அதை மூடியிருக்கும் மூடு கான்கிரீட் போதாமல் இருந்தால் கம்பி ஓடும் வழியிலேயே நீளவாக்கில் பிளக்கும். அதனால்தான் லேப் இருக்கும் இடத்தில் கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி வைக்கும் கவர் பிளாக் சரியாக இருக்க வேண்டும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் நடப்பதோ தலைகீழ்: அங்கே கம்பி நெரிசலாக இருக்கிறது, கை போகவில்லை என்று இரண்டு ரிங்கை விட்டுவிடுகிறார்கள். நீளம் சரியாக இருந்தும் லேப் கெட்டுப்போவது இப்படித்தான். அப்புறம் சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் கருப்பு எண்ணெய் கம்பியில் பட்டிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். கம்பியில் எண்ணெய், சேறு, உதிரும் துரு எதுவும் இருக்கக் கூடாது என்று விதிநூல் சொல்வது இந்தப் பிடிப்புக்காகத்தான். லேசாகச் சிவந்திருந்தால் பயப்பட வேண்டாம்.

நீளத்தைவிட எனக்குக் கவலை இடம். உங்கள் செய்தியில் அது ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் தூண் லேப் எங்கே வருகிறது? தளத்துக்கு நேர்மேலே, எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில். வேலைக்கு அதுதான் வசதி, கீழே நின்றுகொண்டே கட்டிவிடலாம். ஆனால் பூமி ஆடும்போது தூண் அதிகமாக வளைந்து கஷ்டப்படும் இடமும் அதுவேதான். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களைப் பார்த்தவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று: தளத்துக்கு மேலேயே லேப், அதில் ரிங்கும் அரிது. ஐஎஸ் 13920 என்ற நிலநடுக்க விதிநூல் தூண் லேப்பைத் தூண் உயரத்தின் நடுப்பாதியில் வைக்கச் சொல்கிறது, அந்த நீளம் முழுக்க 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் ரிங் போடச் சொல்கிறது. நிலநடுக்கம் எல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2002-இல் திருத்திய நிலநடுக்க மண்டல வரைபடத்திலேயே சென்னை மூன்றாம் மண்டலத்துக்குப் போய்விட்டது, இந்த விதிநூல் மூன்றாம் மண்டலத்துக்கும் பொருந்தும்.

எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. ஓர் இடத்தில் பாதிக்கு மேல் சேர்க்காமல், மீதியை லேப் நீளத்தைப்போல் 1.3 மடங்காவது தள்ளிச் சேர்க்க வேண்டும். இரண்டு லேப்பும் ஒன்றை ஒன்று தாண்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, நடுப்புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் அந்தத் தூரம் வேண்டும். கீழே 16, மேலே 12 என்று விட்டம் மாறினால் சின்னக் கம்பியின் கணக்கு.

பீமில் கீழ்க்கம்பியை நடுவில் சேர்க்கக் கூடாது, மேல்கம்பியைத் தூண் அருகில் சேர்க்கக் கூடாது, இது மேஸ்திரிகளுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், வீட்டின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் ராஃப்ட் அடித்தளத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது, ஆக மேல்கம்பிக்கு நடுவில் இழுவை, கீழ்க்கம்பிக்குத் தூணருகில் இழுவை. பழக்கத்தில் மேல்தளத்துக்குக் கட்டுவதுபோலவே கட்டிவிட்டுப் போனால், சேர்க்கவே கூடாத இடத்தில் சேர்த்திருப்பார்கள். இழுவை உள்ள இடத்தில் பீமின் மேல்கம்பியைச் சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால் இன்னொரு தண்டனை இருக்கிறது. கான்கிரீட் இறுகும்போது தண்ணீரும் காற்றுக்குமிழியும் மேலேறி மேல்கம்பியின் அடியில் தங்கும், பிடிப்பு குறையும். மூடு கான்கிரீட் விட்டத்தைப்போல் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தால் லேப்பை 1.4-ஆல் பெருக்கச் சொல்கிறது விதி. 16 எம்எம் கம்பிக்கு 25 மில்லிமீட்டர் மூடு என்றால் குறைவுதான். எம் 20, 500 கம்பி, 1.4 எல்லாம் சேர்த்தால் நான்கு அடிக்கு மேல் வருகிறது. இதைக் கேட்டதும் கம்பி கட்டுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். கோபம் வராது எனக்கு, யாரும் அவருக்கு இதைச் சொன்னதே இல்லை.

லேப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். கம்பி முடியும் இடத்தில் அது எவ்வளவு உள்ளே போய்ப் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடைசித் தூணில் வந்து முடியும் பீமின் மேல்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தூண் 9 அங்குலம். 16 எம்எம், 500 கம்பி, எம் 25 என்றால் பிடிமான நீளம் ஏறத்தாழ 775 மில்லிமீட்டர். தூணுக்குள் நேராகக் கிடைப்பது 190. மடக்குக்கு விட்டத்தைப்போல் 8 மடங்கு கணக்கில் கழிக்கலாம், 128. மீதி ஒன்றரை அடி கீழ்நோக்கி இறங்க வேண்டும். நிலநடுக்க விதியின்படி இன்னும் 10 மடங்கு கூட்டினால் இரண்டு அடி. வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால் ‘எல்’ போல மடக்கிவிட்டது 9 அங்குலம் இருக்கும், அதுவும் மேலே பார்த்து மடங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. உண்மையில் அந்த விதிநூலின் 2016 பதிப்பு 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூணையே ஒப்புக்கொள்வதில்லை, சுவரோடு சுவராகத் தூண் மறைய வேண்டும் என்ற நம் ஆசைக்கும் அதற்கும் ஒத்துவராது. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

சன்ஷேடும் பால்கனியும் அதைவிட ஆபத்து, ஏனென்றால் அங்கே பிடிமானம் போனால் தாங்க வேறு எதுவும் இல்லை. 8 எம்எம் கம்பிக்கே எம் 20-இல் ஒன்றரை அடி உள்ளே வேண்டும், அதைத் தாங்கும் லின்டலின் (கதவு, ஜன்னலுக்கு மேல் ஓடும் பீம்) அகலம் 9 அங்குலம். ஆகவே கம்பி லின்டலின் உள்முகம் வரை போய், மடங்கி, கீழே இறங்கி, அடியிலும் திரும்ப வேண்டியிருக்கும். பால்கனியின் மேல்கம்பி 10 எம்எம் என்றால் உள் தளத்துக்குள் இரண்டு அடியாவது போக வேண்டும். அதோடு, இழுவைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் மிதித்து மிதித்து அது அடிக்குப் போய்விட்டால் நீளம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. முட்டு எடுக்கும்போது சன்ஷேட் விழுந்தது என்று உங்கள் நாளிதழிலேயே செய்தி வந்தால், ‘தரமற்ற கட்டுமானம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல் கம்பி எவ்வளவு உள்ளே போயிருந்தது, மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். உடைந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாக, மொட்டைமாடிக் கம்பிகள். பின்னால் மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பியை நீட்டி விட்டிருக்காத தெரு தமிழ்நாட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடி. 16 எம்எம், 500 கம்பி, எம் 20-க்கு வேண்டியது மூன்று அடி. தூணில் அழுத்தம்தானே, அழுத்தத்துக்கு 45 மடங்கு போதுமே என்று சிலர் வாதாடுவார்கள். காற்றும் நிலநடுக்கமும் தூணை வளைக்கும்போது ஒரு பக்கக் கம்பி இழுவைக்குப் போகும், ஆகையால் இழுவைக் கணக்கை வைப்பதுதான் நல்லது. அதோடு, 45 வைத்தாலும் இரண்டு அடி போதவில்லை. பத்து, பதினைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி, தட்டினால் பொரி பொரியாக உதிரும். துணி காயப்போட இடைஞ்சலாக இருக்கிறது என்று வளைத்து வைத்து, மாடி கட்டும்போது திரும்ப நிமிர்த்துவார்கள். வலுக்கூட்டிய கம்பியைப் பொறியாளர் பார்க்காமல் மறுபடி நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்தும் இடத்தில் வெடிப்பு விழும்.

மாடி எழுப்பப் போகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான். கம்பி குறைவாக இருந்தால் தூண் தலையைக் கவனமாக உடைத்து, கீழே நல்ல கம்பி தெரியும்வரை போய், வேண்டிய நீளத்தை எடுங்கள். எவ்வளவு உடைக்கலாம், எங்கே முட்டு கொடுக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்ல வேண்டும். அல்லது இரண்டு கம்பியின் முனைகளை இணைக்கும் கப்ளர் போடுங்கள், அதற்கு ஐஎஸ் 16172 என்று தனி விதியே இருக்கிறது. துளைபோட்டு ரசாயனப் பசை ஊற்றிக் கம்பி நடுவதானால் ஆழத்தைப் பசைக் கம்பெனியின் அட்டவணைப்படி போடச் சொல்லுங்கள், நாலு அங்குலம் துளைத்துவிட்டு ‘கெமிக்கல் போட்டாச்சு சார்’ என்பதை நம்ப வேண்டாம். கம்பிமேல் கம்பி வைத்து நாலு பொட்டு வெல்டிங் அடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இப்போது கடையில் வரும் டிஎம்டி கம்பியின் வலுவே சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த அந்த வெளித்தோலில்தான் பெருமளவு இருக்கிறது, அதைத்தான் வெல்டிங் சூடு கெடுக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெட்டிச் செய்தியை மறுபடி போடுவதாக இருந்தால் கம்பியின் தரம் ஒரு பக்கம், கான்கிரீட்டின் தரம் ஒரு பக்கம் வைத்து ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். எம் 20-இல் 415-க்கு 47, 500-க்கு 57, 550-க்கு 62. எம் 25-இல் 40.3, 48.5, 53.4 என்று வருவதை மேல்நோக்கி முழு எண்ணாக்கி 41, 49, 54. ஆறே எண், தபால்தலை அளவு இடம் போதும். கீழே ஒரு வரி: லேப் நீளமும் லேப் வரும் இடமும் எழுதாத கம்பி வரைபடத்தை வீட்டுக்காரர் வாங்க வேண்டாம், எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
தஞ்சாவூர்